ஒன்பது நாள் தண்ணீர்

‘வாரம் ஒரு நாள் வீட்டில் இருக்கும் எல்லாத் தண்ணீர்ப் பாத்திரங்களையும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள்.’ மழைக்காலம் நெருங்கினால் எங்கள் தெருவுக்குள் ஆட்டோவில் மைக் கட்டி இதைச் சொல்லிக்கொண்டு போவார்கள். சுவரொட்டியிலும் இதுதான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை நீட்டி எடுக்கிற உறுதிமொழியிலும் இதுதான். சொல்வதில் பிழையே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் ஒருமுறை பாத்திரம் காலியாகிவிட்டால் அதில் இருந்த புழு எல்லாம் அதோடு போயிற்று. ஆனால் தென்காசிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் ஒன்பது பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஏழாவது நாள் டிரம்மின் அடியில் கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருக்கும். அடுத்த தண்ணி வரும்வரை சோறு பொங்குவதும் குழம்பு வைப்பதும் குடிப்பதும் அதை வைத்துத்தான். அதைக் கவிழ்க்கச் சொன்னால் யார் கவிழ்ப்பார்கள்?

ரொம்ப நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் தெருப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பகலில் கடிக்கிற கொசு, காலில் வெள்ளை வரி இருக்கும், சாக்கடையில் இருக்காது, நல்ல தண்ணியில்தான் முட்டை போடும் என்று எல்லாமே சொல்வார்கள். தேங்காய்ச் சிரட்டை, டயர், ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எதையும் விட மாட்டார்கள். தெரியாமல் யாரும் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. குழாயை நம்ப முடியாததால் வைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நகரங்களுக்கான அளவு 135 லிட்டர். சின்ன அளவையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒன்பது நாளைக்கு 2,475 லிட்டர் வேண்டும். 200 லிட்டர் நீல டிரம்மில் பன்னிரண்டு டிரம்முக்கும் மேல். எந்த வீட்டிலும் அவ்வளவு டிரம் இல்லை, வைக்க இடமும் இல்லை. அதனால் குளிக்க, துவைக்க உப்புத் தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணி என்று பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு டிரம், ஒரு சிமென்ட் தொட்டி, நாலைந்து குடம், ஒரு அண்டா, அப்புறம் எது காலியாக இருக்கிறதோ அது. வசதி உள்ள வீட்டில் தரைக்குக் கீழே சம்ப், மாடியில் மூடி போட்ட சிண்டெக்ஸ் என்று முடிந்துவிடும். வசதி இல்லாத வீட்டில் அதே தண்ணீர் பத்துப் பாத்திரங்களில், பாதிக்கு மூடி இல்லாமல், அடுப்படியிலும் கட்டிலுக்குக் கீழேயும் நிற்கும். கொசுவுக்கு எந்த வீடு தோது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டிரம்முக்குள் டார்ச் அடித்தபோது

கொசுப்புழு பார்க்க வருகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கையில் டார்ச், தோளில் ஒரு பை, பைக்குள் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து பாட்டில், ஒரு நோட்டு. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். தினக்கூலி வேலை, ஒரு நாளைக்கு ஐம்பது வீடாவது ஏறி இறங்க வேண்டும். பாதி வீட்டில் உள்ளே விட மாட்டார்கள், மீதி வீட்டில் ‘மருந்து ஊத்தாதீங்க, தண்ணி நாறுது’ என்று சண்டை. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் பல மாவட்டங்களில் போராடியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் டெங்குவைத் தடுக்கிற வேலை என்று ஏதாவது உண்மையிலேயே நடக்கிறது என்றால் அதைப் பெரும்பாலும் செய்வது இவர்கள்தான். அவர்களுக்கு இன்னும் நிலையான சம்பளம் கூட இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் தெருவுக்கு வருகிறவர் நிதானமான பெண். பக்கத்து வீட்டு மதினியின் டிரம்முக்குள் டார்ச் அடித்தார். மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. சும்மா பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகத் தெரிகிறது, டார்ச் அடித்தால்தான் அத்தனையும் தெரிகிறது. மதினிக்கு அவமானமாகப் போய்விட்டது. ‘போன தடவை தண்ணி வரும்போது நல்லா கழுவி ஊத்திட்டுத்தானே பிடிச்சேன்’ என்றார். பொய் இல்லை, நானே பார்த்தேன். அப்போது அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, ‘அண்ணாச்சி, இந்த இடத்துல விரலை வச்சுப் பாருங்க’ என்றார். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல்கடை மேலே, டிரம்மின் உள்சுவரில், மிளகுத்தூள் ஒட்டியது போலக் கருப்பாக ஒரு வரி. நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. அதுதான் முட்டை. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டை போடாது, தண்ணீரை ஒட்டிய ஈரச் சுவரில் போடும். தண்ணீர் இறங்கி சுவர் காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்தால் பொரிந்துவிடும். வெறுமனே தண்ணீரை வீசி ஊற்றிக் கழுவினால் அந்த வரி போகாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. ‘தண்ணி வந்த மறுநாள் நான் வந்தா ஒரு வீட்டுலயும் புழு கண்ணுல படாது அண்ணாச்சி. தண்ணி வர்றதுக்கு முந்தின நாள் வந்தா வீட்டுக்கு வீடு இருக்கும். எல்லாம் நீங்க எந்த நாள் பாக்கீங்கங்கறதுலதான் இருக்கு.’

நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பதை வீட்டுக் குறியீடு என்கிறார்கள். நூறு வீட்டில் புழு இருக்கிற பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. உலகம் முழுக்க இந்தக் குறியீடுகளை வைத்துத்தான் எந்தத் தெருவில் ஆபத்து, எங்கே ஆள் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த எண் குழாயின் நாளைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அவர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கதவு எண், பார்த்த பாத்திரங்கள், புழு இருந்தவை, மருந்து ஊற்றியவை, காய்ச்சல் உள்ளவர்கள். எல்லாவற்றுக்கும் பத்தி இருக்கிறது. கடைசியாகத் தண்ணீர் வந்த தேதிக்குப் பத்தி இல்லை.

அன்று ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொசுவுக்கு வளர எட்டு ஒன்பது நாள் வேண்டும். எங்கள் குழாய் அதற்கு எட்டு ஒன்பது நாள் கொடுக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் டிரம் மூன்று நாளில் காலியாகும், புழு வளர நேரம் கிடைக்காது. தினமும் வருகிற ஊரில் டிரம்மே தேவைப்படாது. எங்களுக்கு வாய்த்த இடைவெளியோ கொசுவுக்கென்றே அளந்து வைத்ததாக இருக்கிறது. இத்தனைக்கும் இது யாரும் திட்டமிட்டுச் செய்தது இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கடைக்கோடியில் இருக்கிற ஊர், பழைய குழாய், நடுவில் உடைப்பு, மோட்டார் பழுது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்தது.

மே மாதத்து டெங்கு

டெங்கு என்றால் மழைக்கால நோய் என்று எல்லோரும் பேசுகிறோம். தமிழ்நாட்டில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை அதிகமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களால் 2012-ஐ மறக்க முடியாது. அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் திருநெல்வேலிதான். அந்த ஆண்டு மே மாதம் கடையநல்லூர் பக்கம் டெங்கு பரவியது. மே மாதம். தென்மேற்குப் பருவமழை கூடத் தொடங்கியிருக்கவில்லை. தெருவில் தேங்குவதற்கு மழைத்தண்ணீர் ஏது? தண்ணீர் இருந்ததெல்லாம் வீட்டுக்குள், தட்டுப்பாட்டுக்குப் பயந்து பிடித்து வைத்த பாத்திரங்களில். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். 2012-இல் இந்தியாவிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலம் தமிழ்நாடுதான். 2017-இல் அது 23,294 பேர், 65 இறப்பு என்று ஆனது. இவை எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதியான கணக்கு. சோதனை செய்யாமலே வந்து போன காய்ச்சல்கள் இதில் இல்லை.

மழை பெய்யும்போது மொட்டைமாடியிலும் காலி மனையிலும் கிடக்கிற பாத்திரங்கள் நிறையும், கொசு பெருகும். மழை இல்லாதபோது வீட்டுக்குள் இருக்கிற பாத்திரங்கள் நிறைந்தே இருக்கும், கொசு குறையாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் ஆண்டு முழுக்க அதற்குப் பஞ்சமே இல்லை. முட்டை காய்ந்து கிடந்தும் பிழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஓடுவதைவிட ஏப்ரலில் டிரம் சுவரைத் தேய்ப்பதுதான் பயன் தரும் என்று தோன்றுகிறது, ஆனால் ஏப்ரலில்தான் தண்ணீர் இன்னும் நாள் தள்ளிப்போகும்.

எங்கள் ஊரைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வியட்நாமின் கான் ஹோவா மாகாணத்தில் ஏறக்குறைய 75,000 வீடுகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2011-இல் வெளியானது. சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் வரை வசிக்கிற, குழாய்த் தண்ணீர் சரியாக இல்லாத இடங்களில்தான் டெங்கு வெடிக்கிறது என்று அதில் தெரிந்தது. பெருநகரம் போல நெருக்கமும் இல்லை, கிராமம் போலத் தள்ளித் தள்ளியும் இல்லை, நம்முடைய சின்ன நகராட்சிகளும் வளர்ந்துகொண்டிருக்கிற பேரூராட்சிகளும் இருக்கிற நிலை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெங்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது, வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. நம்பகமான குழாய்த் தண்ணீர் வந்து, அந்தத் தொட்டிகளை அகற்றிய பிறகு, 1950-களோடு அந்த நகரத்தில் ஏடிஸ் எஜிப்தி கொசுவே மறைந்தது. தடுப்பூசி இல்லாத காலத்தில், குழாயும் வீடு வீடாக நடந்த சோதனையும் சேர்ந்து செய்த வேலை அது.

இங்கே புகை வண்டி வரும். ஒரு வீட்டில் இறப்பு நடந்தாலோ, செய்தித்தாளில் பெயர் அடிபட்டாலோ, சாயங்காலம் தெரு முழுக்க வெள்ளைப் புகை. பார்ப்பவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்று ஒரு திருப்தி. ஏடிஸ் பகலில் கடிக்கும், மற்ற நேரம் வீட்டுக்குள் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரி இடுக்கில் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை அங்கே எவ்வளவு போகும்? போனாலும் பறக்கிற கொசுதான் சாகும், டிரம்மில் உள்ள புழுவுக்கும் சுவரில் உள்ள முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. காய்ச்சல் கண்ட வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் குறிவைத்து, வீட்டுக்குள்ளேயே அடித்தால் அந்த நேரத்துக்குப் பரவல் குறையும். அதை மட்டும் செய்தால் போதும். மீதிக் காசுக்கு மூடி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

காய்ச்சல் விட்ட நாள்

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. என் தங்கை மகளுக்கு டெங்கு வந்தது. நாலு நாள் நல்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, கை கால் முறிகிற மாதிரி வலி. அப்புறம் ஒரு காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, தங்கச்சி இட்லி அவித்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பிள்ளைக்கு வயிற்று வலி, இரண்டு மூன்று தடவை வாந்தி, உள்ளங்கை சில்லிட்டுப் போயிற்று, கூப்பிட்டால் சோர்ந்து போய்ப் பார்க்கிறாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டில் இருந்த டாக்டரம்மா, ‘காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வர்ற ஒரு நாள் ரெண்டு நாள்தாங்க எங்களுக்குப் பயமே’ என்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அப்போதுதான். ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் சரியான அளவு திரவம் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம், குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நுரையீரலில் சேர்ந்து ஆபத்து. நர்ஸ் விடிய விடிய மணிக்கொருதரம் வந்து பி.பி. பார்த்து, பிள்ளை எவ்வளவு சிறுநீர் போனாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நாங்கள் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருந்தோம், அவர்கள் பி.சி.வி. என்கிற ரத்தச் செறிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு எண்ணிக்கை குறைகிறது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பயன் இல்லை என்று 2017-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடந்த சோதனையே காட்டிவிட்டது. பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஆகையால் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் குடிக்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது கூடாது. காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் குளிர்வது, சோர்வு, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான வீடுகளில் செய்யாதது: காய்ச்சல் உள்ளவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். முதல் ஐந்து நாள் போல அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், அப்போது கடிக்கிற கொசு ஒன்றிரண்டு வாரத்தில் நோயைப் பரப்பத் தயாராகி, சாகும்வரை பரப்பும். வலை நோயாளிக்காக இல்லை, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்தான்.

மருத்துவமனைகள் இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டன. 2024-இல் தமிழ்நாட்டில் பாதிப்பு 27,000-ஐ ஒட்டி வந்தது, இறப்பு 13. 2012-ஐவிட இரண்டு மடங்கு நோயாளிகள், இறந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. சோதனை அதிகமானதால் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வார்டுக்குள் நடந்த முன்னேற்றம் தெருவில் நடக்கவில்லை. அந்த டாக்டரம்மாவும் நர்ஸும் கண் விழித்துக் காப்பாற்றி அனுப்புகிற பிள்ளை அதே டிரம் இருக்கிற வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறாள். டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகை மறுபடி வராது, வேறு வகை வரலாம், இரண்டாவது தடவை தீவிரமாக வாய்ப்பு அதிகம். என் தங்கை அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு ஐப்பசியையும் கடக்கிறாள்.

தடுப்பூசி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் 2016-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற தடுப்பூசி போட்டார்கள். அதற்கு முன் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 கடைசியில் தெரியவந்தது. அதனால்தான் இப்போது எல்லோரும் நிதானமாகப் போகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக்கும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் உள்நாட்டு டெங்கு தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கியிருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தில் வோல்பேக்கியா பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த பாக்டீரியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. இதெல்லாம் எங்கள் தெருவுக்கு வரும் நாளில் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். குழாய்க்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை வீட்டில் என்ன செய்ய முடியும்

நல்ல தண்ணி நாள் தள்ளி வருகிற ஊர்க்காரர்களுக்கு, ‘கவிழ்த்துக் காய வையுங்கள்’ என்பதற்குப் பதிலாக வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்று அந்தக் கொசுப்புழுப் பெண்ணோடு பேசிப் பேசி எனக்குப் புரிந்தது. முதலில் மூடி. டிரம் மூடி உடைந்தோ காணாமலோ போயிருந்தால் பழைய வேட்டியை இரட்டையாக மடித்து வாயில் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிவிட வேண்டும். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த ஈரத்திலேயே முட்டை போடும். தண்ணீரை மொண்டு எடுக்க ஓரத்தில் திறந்து வைத்தால் எல்லாம் வீண், அடியில் ஒரு பைப் மாட்டிவிடுவது நல்லது. அடுத்து, எல்லா டிரம்மிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல், ஒன்றை முழுதாகத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறப்பது. தீர்ந்த டிரம்மை அன்றே நார் போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டால், புதுத் தண்ணி வரும்போது அது சுத்தமாக இருக்கும். மிச்சம் இருக்கிற பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து, ஏனென்றால் வளர்ந்த புழு அப்படியே தங்கிவிடும். கவிழ்க்க முடியாத சிமென்ட் தொட்டியில் கப்பி மீன் விடலாம். அபேட் மருந்தைச் சொன்ன அளவில் ஊற்றினால் குடிதண்ணீரிலும் கெடுதல் இல்லை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுதான். மணம் பிடிக்கவில்லை என்றால் குடிக்கிற பாத்திரத்தைத் தனியாகக் கட்டி மூடிவிட்டு மற்றதில் ஊற்றச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பாதீர்கள்.

இவ்வளவையும் யார் செய்வது? இடுப்பு உயர டிரம்முக்குள் குனிந்து தேய்ப்பது பெண்கள்தான். தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் எழுந்து பிடிப்பது அவர்கள்தான். புழு இருந்தால் நோட்டீஸ் வாங்கித் தலைகுனிவதும் அவர்கள்தான். அபராதம் போடுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கு என்றே ஒரு அத்தியாயம் உண்டு. அதே சட்டத்தில் குடிநீர் வழங்குவதற்கும் ஒரு அத்தியாயம் உண்டு. முதல் அத்தியாயத்தை வைத்து எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டாவதை வைத்து யாருக்கும் நோட்டீஸ் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சென்ற தடவை எங்கள் வார்டில் பகுதி சபை கூடியபோது மதினியும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். தினமும் தண்ணீர் விடுங்கள் என்று கேட்கவில்லை, அது உடனே நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். மூன்று விஷயம் கேட்டோம். கொசுப்புழுக் கணக்கெடுக்கிற நோட்டில் அந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்த தேதியையும் எழுத ஒரு பத்தி போடுங்கள். தண்ணீர் வந்து ஆறாவது ஏழாவது நாளில் கணக்கெடுக்க ஆள் அனுப்புங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். அப்புறம், எந்தத் தெருவுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பீர்கள் என்று தண்ணித் தொட்டிக்குக் கீழே ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். இந்த மூன்றாவது, மதினி சொன்னது. ‘எப்போ வரும்னு தெரிஞ்சா ஒரு டிரம் போதும் எனக்கு. தெரியாமத்தான் வீட்டுல இருக்கிற சட்டி பானை எல்லாத்துலயும் பிடிச்சு வைக்கேன்’ என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். தண்ணி திறக்கிறவரும் அங்கே இருந்தார், தலையாட்டினார். நாள் தள்ளி வருவதைவிட, எந்த நாள் என்று தெரியாமல் இருப்பதுதான் வீட்டில் பாத்திரங்களைப் பெருக்குகிறது என்பது எனக்கு அதற்கு முன் தோன்றவே இல்லை.

பலகை வைத்தார்கள். கொஞ்ச காலம் சொன்ன தேதிக்கே தண்ணீர் வந்தது, மதினி வீட்டில் அண்டாவும் பிளாஸ்டிக் வாளிகளும் பரணுக்குப் போயின. கோடையில் மோட்டார் பழுதாகி, பலகையில் தேதி எழுதுவது நின்றுபோனது, வாளிகள் திரும்ப இறங்கிவிட்டன. நோட்டில் பத்தி இன்னும் வரவில்லை. மேலே இருந்து படிவம் மாறி வர வேண்டும் என்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் தன் நோட்டின் ஓரத்தில், தெரு பெயருக்குப் பக்கத்தில், தண்ணீர் வந்த தேதியைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். அடுத்த பகுதி சபைக்கு அந்த ஓரக் குறிப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் தண்ணீர் நாள் தள்ளி வந்தால், காலண்டரில் தேதியைக் குறித்து வைக்கத் தொடங்குங்கள். கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் இருக்கும்.